துடைத்த இடம்

கவிழ்த்துத்தான் பார்த்திருக்க வேண்டும். கவிழ்க்காமல் அந்த இடம் யார் கண்ணிலும் படாது. மூன்று சக்கரத்தில் தன்பாட்டுக்கு மேஜைமேல் நிற்கிற பொம்மை விமானம், ஒரு அடி நீளம், அதன் அடிவயிற்றில், இடது சக்கரக் குழிக்குப் பின்னால், ஒரு தீக்குச்சி நீளத்துக்கு நான் வரைந்த எண்ணெய்க் கறை இருக்கிறதா இல்லையா என்பது தூசி தட்டுகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நேற்று ஒன்பதரைக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போது இருந்தது, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினேன். இப்போது காலை எட்டரை, பீச் ஸ்டேஷனிலிருந்து பழவந்தாங்கல் வரை நின்றுகொண்டே வந்த கால் இன்னும் கனக்கிறது, சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கறை இல்லை. தெரியாமல் கை பட்டு அழிந்திருந்தால் தீற்றல் இருக்கும், பக்கத்தில் இழுவியிருக்கும், பார்த்தவுடன் ஒரு அவலட்சணம் தெரியும். இது அப்படி இல்லை. முன்னாலிருந்து பின்னால், காற்று போகிற திசையிலேயே, ஒரே இழுப்பாகத் துடைத்திருக்கிறது ஒரு கை. டர்பன்டைன் தொட்ட துணி, அதுவும் நூல் உதிராத துணி, பழைய பனியனாக இருக்கலாம். கறைக்குக் கீழே நான் அடித்துக் காயவைத்திருந்த வார்னிஷில் ஒரு கீறல் இல்லை, தகட்டுக் கோடுகளில் இறக்கிவிட்ட கறுப்பு அப்படியே இருக்கிறது, மற்ற அழுக்கெல்லாம் அப்படியே இருக்கிறது, அது ஒன்று மட்டும் இல்லை. எண்ணெய் வண்ணம் காய இரண்டு நாள் ஆகும், அதற்குள் துடைத்தால் சுவடே தெரியாது, இது தெரிந்த கை. டர்பன்டைன் புட்டியைத் தூக்கிப் பார்த்தேன், மூடி திருகவே வரவில்லை. நான் இப்படி மூடுகிறவன் இல்லை. என் மனைவி பிரபா எதையுமே மூடுகிறவள் இல்லை. இந்த வீட்டில் ஊறுகாய் ஜாடியோ தைலப் புட்டியோ, ஒரே ஒருவர் மூடினால்தான் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திறக்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு மணிக்கு அனசூயா மேடம் விமானத்தை எடுத்துப்போக வருகிறார். மூன்றரை மணி நேரம் இருக்கிறது. நான் தூங்க வேண்டும்.

பிரபா கண்ணாடி முன்னால் நின்று கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு ஜடை போட்டுக்கொண்டிருந்தாள், ஒன்பதேகாலுக்கு அவள் ரத்தப் பரிசோதனை லேபில் பில் போடும் நாற்காலியில் இருக்க வேண்டும். "யாராச்சும் என் மேஜைகிட்ட வந்தீங்களா?" என்றேன். "ஆமா, கொள்ளைக் கூட்டம் வந்துச்சு. உங்க பிளேனை ஓட்டிப் பாத்துட்டு, பெட்ரோல் இல்லைன்னு திரும்ப வச்சிட்டுப் போயிட்டாங்க." "விளையாடாத பிரபா." "யாரு விளையாடறது? நாப்பத்தொம்பது வயசுல பிளேன் வச்சு விளையாடறது நானா நீங்களா? புதுசா ஒண்ணை வாங்கி, மாசக்கணக்கா உக்காந்து, கஷ்டப்பட்டுப் பழசாக்கறீங்க. நம்ம ஃப்ரிட்ஜைப் பாருங்க, யாரும் கஷ்டப்படாமயே அது பழசாயிருக்கு." சிரித்தாள். சிரித்தபோது மேஜைப் பக்கம் திரும்பவில்லை என்பதைக் கவனித்தேன். ஒன்றும் தெரியாதவள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாளா, என்ன ஆச்சு என்று கேட்டிருக்க மாட்டாளா. அல்லது ஏழு வருஷமாக நான் கேட்கிற கேள்விதானே இது, யார் பிரஷ்ஷைத் தொட்டது, யார் ஜன்னலைத் திறந்தது, யார் இந்தப் பேப்பரை நகர்த்தினது, அதனால் திரும்பவில்லையா. "உங்கப்பா ராத்திரி தூங்கினாரா?" என்றேன், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. "ரெண்டு தடவை லைட் எரிஞ்சுது. பாத்ரூம் போயிருப்பாரு. ஏன்?" "சும்மா." "நீங்க சும்மான்னா ஏதோ இருக்கும். போய்ப் படுங்க, கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு." கதவு சாத்தியது. படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கியது, நின்றது, ஏன் நின்றது, மறுபடி இறங்கியது. குளியலறையில் மாமா குவளையால் மொண்டு ஊற்றும் சத்தம். எண்ணினேன். வழக்கமாகப் பதினான்கு குவளை. இன்று இருபதைத் தாண்டியும் ஓயவில்லை.

சந்தேகம் எனக்கு வேலையில் வந்த நோய். ராயபுரத்தில் மீன் வைக்கிற குளிர்பதனக் கிடங்கு, அங்கே கம்ப்ரஸர் ஓட்டுகிறவன் நான், அம்மோனியா வாசனை வருகிறதா என்று மோந்துகொண்டே இருபத்தோரு வருஷம். வாசனை இல்லாத இடத்திலும் வரும், வீட்டில் பாயசத்தில் வரும், கல்யாண மண்டபத்தில் சந்தனத்தில் வரும், ஒருமுறை கர்ப்பக்கிரகத்துக்கு எதிரில் நின்றுகொண்டு எங்கே கசிகிறது என்று சுவரைப் பார்த்தேன். பகலில் தூக்கம் வராமல் போனபோதுதான் பொம்மை விமானத்துக்கு அழுக்கு ஏற்றுகிற இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை, செல்போனில் வெள்ளைக்காரக் கிழவர்கள் தங்கள் கீழ்த்தள அறைகளில் உட்கார்ந்து பேசுவதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துப் பார்த்து. அவர்கள் காட்டுகிற பொடியும் திரவமும் இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் கடைக்காரன் தண்ணீர் கலந்து தருகிறான் என்பது என் எண்ணம், நானே வழி கண்டுபிடித்தேன். ஈரப்படுத்தின இறக்கையில் கல்லுப்பைத் தூவி, மேலே வெளிறின வண்ணத்தை ஊதி, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால், பத்து வருஷம் வெயிலில் நின்ற பெயின்ட் திட்டுத்திட்டாக வரும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்து, வெள்ளி வண்ணத்தில் தொட்டு, பேப்பரில் ஒற்றி ஒற்றி ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லாதபோது இறக்கையின் தோளில் தட்டினால், மெக்கானிக்குகள் ஏறி நடந்து பெயின்ட் உரிந்த இடம். பின்னால் நெருப்புக் கக்குகிற வாய்க்குச் கறுப்புச் சாக்பீஸ் தூள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எண்ணெய் ஒழுக்கு. பழுப்பும் கறுப்பும் கலந்து ஒரு புள்ளி வைக்க வேண்டும், ஊசிமுனையளவு, பிறகு டர்பன்டைன் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் அதைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு. அந்த ஒரு இழுப்பில் பிளாஸ்டிக் போய் இரும்பு வரும். இரும்பு இல்லை, அலுமினியம். இதைச் சொல்லிக்கொடுத்தது மாமா. சொல்லிக்கொடுத்தது என்றால், என் முதல் விமானத்துக்கு நான் ஆசை ஆசையாகத் துரு வைத்திருந்தபோது பின்னால் வந்து நின்று, "அலுமினியம் துருப்பிடிக்குமா மாப்ளே?" என்று கேட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான். விமானப்படையில் இருபது வருஷம் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், விமானத்தின் உடம்பைப் பார்த்துச் சரிசெய்கிறவர். மாமி போன பிறகு ஒற்றை மகள் வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர். ஒவ்வொரு விமானத்தையும் நான் முடிக்கும்போது வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். "இது என்ன, பிளேனா, காயலான் கடைச் சரக்கா? எங்க ஹாங்கர்ல இப்படி ஒண்ணு நின்னா அன்னிக்கே எனக்கு சார்ஜ் ஷீட்டு." நிஜ விமானத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவனை, ஜன்னலுக்கு மேலே நிமிஷத்துக்கு ஒன்றாக மீனம்பாக்கத்தில் இறங்குவதை அண்ணாந்து பார்த்தே வயசாகிப்போனவனை, குத்துகிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இந்த ஒன்றுக்கு அவர் வந்து நிற்கவில்லை. மூன்று வாரம், ஒருநாள்கூட வரவில்லை. வராததை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்காமல் என்ன, அனசூயா மேடம் முதல்முறை வந்த அன்றே கவனித்தேன். இரண்டு மாசம் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைத்தறிப் புடவை, அறுபது வயசு, நங்கநல்லூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "கோதண்டபாணி சார் இருக்காருங்களா? முன்னாள் படைவீரர் சங்கத்துல அட்ரஸ் கொடுத்தாங்க. நான் மதுசூதனோட தங்கை." மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த மதுசூதன்?" என்றார். "ஃப்ளைட் லெப்டினன்ட் மதுசூதன். முந்நூத்தி ஏழு." விமானத்தின் வால் எண் அது. மாமா ரிமோட்டை எடுத்தார், வைத்தார். "எனக்கு ஞாபகம் இல்லம்மா. வயசாயிடுச்சு," என்று எழுந்து உள்ளே போய்விட்டார். ஞாபகம் இல்லையாம். எழுபத்தொன்பதில் மெஸ் உப்புமாவில் கல் கடித்த பல் எது என்று சொல்கிறவர், எந்த நட்டை எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்று தூக்கத்தில் உளறுகிறவர். அனசூயா மேடம் சங்கடத்தோடு எழுந்தபோதுதான் என் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார், வரிசையாக நிற்கிற அழுக்கு விமானங்களை. நெடுநேரம் பார்த்தார். "எனக்கு முந்நூத்தி ஏழைப் பண்ணித் தருவீங்களா? புதுசா வேண்டாம். அண்ணன் ஓட்டினப்ப எப்படி இருந்துதோ அப்படியே." பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக்கொடுத்தார். இறக்கைக்குக் கீழே ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு ஒரு இருபத்தாறு வயசுப் பையன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறான். "எண்பத்தாறுல எடுத்தது. எடுத்த மறுநாள்தான். என்ன நடந்துச்சுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லலை சார். பறவை மோதியிருக்கலாம்னு ஒரே ஒரு காகிதம் வந்துது. எங்கம்மா சாகற வரைக்கும் காக்காவைக் கண்டா கல்லெடுத்து வீசுவாங்க." பிறகு கதவருகே நின்று, சிரித்துக்கொண்டே, "என்னை ஏமாத்த முடியாது பாத்துக்குங்க. அந்தப் போட்டோவை நாப்பது வருஷமா லென்ஸ் வச்சுப் பாக்கறேன். எந்த அழுக்கு எங்கே இருக்குன்னு எனக்கு மனப்பாடம்," என்றார். நானும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பையனின் தோளுக்கு மேலே, சக்கரக் குழிக்குப் பின்னால், அந்தக் கறை. அந்த அம்மாளுக்கு அது அழுக்கு, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை, இருபத்தோரு வருஷம் ஒழுக்கு பார்க்கிறவன். தரையில் நிற்கும்போது ஒழுகினால் கீழே சொட்டும், நேராக. இது பின்பக்கமாக இழுபட்டிருந்தது. பறக்கும்போது ஒழுகியிருக்கிறது. பறக்கும்போது ஒழுகினதைப் பார்த்தும் மறுநாள் பறக்க விட்டிருக்கிறார்கள். யார் விட்டது. முந்நூற்றேழுக்கு ஃபிட்டர் யார் என்று சங்கத்தில் கேட்டுத்தானே அந்த அம்மாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

படுத்தேன், எழுந்தேன். மணி பத்து. மாமா பூஜை மணி அடிக்கிறார், மூன்று அடி, நிறுத்துகிறார். ஒரு ஆள் கறையை எதற்குத் துடைப்பான். மறைப்பதற்கு. வேறு எதற்குத் துடைப்பான். ராத்திரி எழுந்து, லைட் போட்டு, விமானத்தைக் கவிழ்த்து, அத்தனை அழுக்கு இருக்க அந்த ஒன்றை மட்டும், அந்த அம்மாள் வருவதற்கு முந்தின ராத்திரி. கோர்ட்டில் சொன்னால் ஜட்ஜ் எழுந்து போய்விடுவார், இதற்கு மேல் என்ன வேண்டும். ஏழு வருஷமாக இந்த மனுஷர் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறேன், இவருக்கு மாத்திரை வாங்கிக்கொடுக்கிறேன், இவர் கை நகத்தை வெட்டிவிடுகிறேன், அந்தக் கையா. ஒரு பையன் சிரித்துக்கொண்டு ஏணியில் ஏறியிருப்பான். பிரபாவிடம் என்ன சொல்வேன். உங்கப்பா என்று ஆரம்பித்தால் போதும், அவள் முகம் மாறும், அப்பா சட்டையில் குத்தியிருந்த மெடலைத் தன் நகைகளோடு ஒரே டப்பாவில் வைத்திருக்கிறவள். சொல்லாமல் இருந்தால் நானும் துடைத்தவன்தான். அந்த அம்மாள் முதல் வேலையாகக் கவிழ்த்துப் பார்ப்பார், லென்ஸை எடுப்பார், "இங்கே ஒண்ணு இருக்குமே" என்பார், அப்போது நான் என்ன சொல்ல, மறந்துட்டேன் மேடம் என்றா, நான் எதையும் மறந்ததில்லை, மறக்கத் தெரிந்திருந்தால் தூக்கம் வந்திருக்கும். அல்லது திரும்ப வைத்துவிடலாம். எண்ணெய் வண்ணம் காயாது, ஆனால் எனாமல் இருக்கிறது, பழுப்பு எனாமல், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், பத்து நிமிஷ வேலை. வைத்தால் என்ன அர்த்தம். வைத்தால், மாமா நீங்க மறைச்சது எனக்குத் தெரியும் என்று அவர் கண்ணுக்கு நேராக எழுதி வைக்கிற அர்த்தம். அதோடு அந்த அம்மாளிடம் ஒரு குற்றப்பத்திரிகையைச் செய்து, பஞ்சில் பொதிந்து, அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிற அர்த்தம், அவருக்குத் தெரியாமலே. போன் அடித்தது. "சார், அனசூயா பேசறேன். பதினொன்றரைக்கே கிளம்பிடறேன், ஆட்டோ சொல்லியாச்சு. ராத்திரி தூக்கமே இல்லை, சின்னப் பிள்ளை மாதிரி." "வாங்க மேடம்." "அந்தப் பெரியவர் இருப்பாரா?" ஏன் கேட்கிறார். "இருப்பாரு மேடம்." "சும்மாதான் கேட்டேன். தொந்தரவு பண்ண மாட்டேன்." சும்மாவாம். எல்லோரும் சும்மாதான் கேட்கிறார்கள்.

எனாமல் டப்பாவைத் திறந்து, தீக்குச்சியால் கலக்கி, போட்டோவை விளக்குக்குக் கீழே சாய்த்து வைத்தேன். விமானத்தைக் கவிழ்த்து டவல் மேல் கிடத்தினேன், தலைகீழாக, சக்கரங்கள் மேலே பார்க்க, செத்த வண்டு மாதிரி கிடந்தது. பிரஷ் முனையில் ஒரு புள்ளி எடுத்தேன். இதைச் செய்ய வேண்டுமா என்று மனசு அலைகிற நேரத்தில் கை தன்பாட்டுக்கு வேலைக்குத் தயாராக இருக்கிறது, கைக்கு எதிலும் சந்தேகமில்லை. பின்னால் பவுடர் வாசனை வந்தது. திரும்பாமலே தெரிந்தது. எத்தனை நேரமாக நிற்கிறாரோ. "மாமா," என்றேன். "நீங்களா துடைச்சீங்க?"

"ஆமா."

இல்லை என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். இல்லைக்குத்தான் அடுத்த கேள்வியைத் தயாரித்து வைத்திருந்தேன். "ஏன்?"

"ஒழுகியிருந்துதே."

"அது பெயின்ட் மாமா."

"பெயின்ட்டுன்னு தெரியாமலா? கண்ணு இன்னும் அவியலை." பக்கத்தில் வந்து குனிந்து போட்டோவைப் பார்த்தார், பையனை இல்லை, அவன் தோளுக்கு மேலே. "சரியாத்தான் போட்டிருந்தீங்க. எடம், நீளம், கலர்கூட. புதுசா வந்தா சிவப்பா இருக்கும் அந்த எண்ணெய். ரன்வே புழுதி பட்டதும் இப்படித்தான் கறுக்கும். எங்கே கத்துக்கிட்டீங்க?" ஏழு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டினது இதுதான் முதல் தடவை, எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது, இந்த நேரத்தில், இந்த விஷயத்தில், வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டது. அந்த வெட்கத்தில்தான் கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன், அடக்கி வைத்திருந்ததை, அப்படியே. "மறைக்கத்தானே துடைச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அலுமினியம் துருப்பிடிக்குமா என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை. "மறைக்கவா? துடைச்சாத்தானே மாப்ளே தெரியும்! எல்லா பிளேனும் ஒழுகும். ஒழுகலைன்னா உள்ளே எண்ணெயே இல்லைன்னு அர்த்தம். கறையைப் பாத்தா ஒண்ணும் தெரியாது, அது நேத்து வந்ததா, போன மாசம் வந்ததா? சுத்தமாத் துடைக்கணும். துடைச்சுட்டு ஓட விடணும். திரும்பி வந்ததும் அதே எடத்துல விரலை வெச்சுப் பாக்கணும். ஈரமா இருந்தா பைப்பைக் கழட்டு. காஞ்சிருந்தா விடு. இதுதான் ரூல், மொத நாள் கத்துக்கொடுக்கறது." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார், வேட்டியை முட்டிக்கு மேல் ஒதுக்கிக்கொண்டார். "அன்னிக்குக் காலைலயும் துடைச்சேன். தரையில எஞ்சினை ஓட விட்டுப் பாத்தேன், ஒரு சொட்டு வரலை. மேலே போனாத்தான் வரும் சில ஒழுக்கு. சரி, வந்ததும் பாத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டேன். நான் துணியோட பிளேனுக்குக் கீழே படுத்திருந்தேன், அந்தப் பையன் ஏணியில ஏறிக்கிட்டே கேக்கறான், 'என்ன கோதண்டம், கல்யாணப் பொண்ணு மாதிரி குளிப்பாட்டறே'ன்னு. நம்ம ஊர்ப் பையன், எங்கிட்ட மட்டும் தமிழ்ல பேசுவான். 'போயிட்டு வாங்க சார், வந்ததும் தொட்டுப் பாத்துச் சொல்றேன்'னேன். தொட்டுப் பாக்கறதுக்கு அது வரலை."

ஜன்னலுக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது, கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. நானும் அதைத்தானே செய்கிறேன். இரண்டாம் நம்பர் கம்ப்ரஸரின் மூட்டில் எண்ணெய் தெரிந்தால் கழிவுத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து விரலை வைக்கிறேன், தினம் வைக்கிறேன், நேற்றுகூட வைத்தேன். அந்த விரல்தான் இது. துடைப்பது பார்ப்பதற்கு என்று என் விரலுக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியாமல் போனது, மற்றவன் துடைத்தால் மட்டும் மறைப்பதற்கு என்று எப்படித் தோன்றிற்று. தோன்றியது ஓயவும் இல்லை. நாற்பது வருஷம் மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்த வாக்கியமாகவும் இது இருக்கலாம், ஒரு முனைகூடக் குத்தவில்லை பார், என்றான் எனக்குள்ளே இருக்கிற கிடங்குக்காரன். ஆனால் தேய்த்து வைத்திருந்தால் அந்த அம்மாளிடம் அன்றே சொல்லியிருப்பாரே, சொல்வதற்குத்தானே தேய்ப்பார்கள். ஞாபகம் இல்லை என்று எழுந்து ஓடியிருக்க மாட்டாரே. பறவையா, பைப்பா. அந்த அம்மாளுக்குத் தெரியாதது இவருக்கும் தெரியாது. தெரியாமல்தான் இந்த மனுஷர் நட்டுகளின் கணக்கைச் சொல்லிக்கொண்டு படுத்துக்கிடந்திருக்கிறார், பக்கத்து அறையில், நான் வேலைக்குப் போயிருந்த ராத்திரிகளில் எல்லாம். "இதை எதுக்கு மாமா துடைச்சீங்க?" என்றேன். "இந்தப் பொம்மையை?"

"தெரியலை. நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பிரபா சொன்னா. ஒரு தடவை பாத்துடலாம்னு வந்தேன். கவுத்தா அதே எடத்துல. கை போயிடுச்சு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "துடைச்சுட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரலை. விடியக்காலம் எந்திரிச்சு வந்து, விரலை வெச்சுப் பாத்தேன்."

பிரஷ்ஷை டவல் ஓரத்தில் வைத்தேன்.

"காஞ்சிருந்துது மாப்ளே," என்றார்.

கீழே ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. பதினொன்றே முக்கால்கூட ஆகவில்லை. பிரஷ் முனையில் இருந்த புள்ளி காய்ந்து தோலாகியிருந்தது. மாமா எழுந்திருப்பார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன், அவர் எழுந்திருக்கவில்லை, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார், சட்டை போடாத மார்பில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அனசூயா மேடம் மூச்சு வாங்க உள்ளே வந்தார், பைக்குள் பழம் இருந்தது, கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு மேஜையையே பார்த்தார். நான் விமானத்தை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார், பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி, கழுத்துக்குக் கீழே ஒரு கை கொடுத்து. வெளிறின இறக்கையைப் பார்த்தார், பெயின்ட் உரிந்த தோளைப் பார்த்தார், விமானி அறைக் கண்ணாடிக்குள்ளே யாரோ இருக்கிற மாதிரி எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான் பயந்த மாதிரியே, மெதுவாகக் கவிழ்த்தார். "எல்லாம் அப்படியே இருக்கு சார். அப்படியே..." விரல் சக்கரக் குழியைத் தாண்டி வந்து நின்றது. "இங்கே ஒண்ணு இருக்கணுமே. போட்டோல இருக்கும். இந்த எடம் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது, பெயின்ட் காயவில்லை மேடம், சாயங்காலம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன், நல்ல பொய், யாருக்கும் சேதமில்லாத பொய், வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. மாமா எழுந்து நின்றிருந்தார், எழுபத்தேழு வயசில், துண்டைப் பிடித்துக்கொண்டு, அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நேராக.

"நான்தாம்மா துடைச்சேன். ரெண்டு தடவை."

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலியை இழுத்து அந்த அம்மாளுக்குப் பின்னால் போட்டேன்.